பலூனுக்கு எண்ணெய் பூசிய நேர்ஸ்

அந்தக் காலத்தில் எங்கள் குடாநாட்டில் சந்தோஷமாகக் குடும்பம் நடத்திய தம்பதிகளை வரிசையில் நிறுத்தினால், அதில் பாதிப்பேர் ஒரு மனுசிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் மற்றத் தெய்வங்களிடம் போகவேண்டும். மீதிப் பாதிப்பேரும் அப்படிப் போகவேண்டியவர்கள்தான். வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

எனக்கு அந்த வெட்கம் போய்க் கனகாலம். அதனால் நான் சொல்கிறேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அரியாலையில் ஒருவருக்கும் ஆளை விளங்காது. ‘எரியுதோ நேர்ஸ்’ என்று கேட்டால் போதும், மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்கூட நின்று வழி காட்டுவார்.

குருநகர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், எங்கள் வாயில் வேதக்காரி. பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வார்டில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டு எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிக்கு வந்தவர். பிள்ளை பெறுகிறவர்களின் கூக்குரலுக்கு மேலாகக் கதைத்துக் கதைத்து அவருடைய தொண்டை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. காது பழுதில்லை, நன்றாகக் கேட்கும். குரலைத் தணிக்கத்தான் தெரியாது. ஒருமுறை ஒரு பெண்ணின் காதோடு காதாக அவர் சொன்ன ரகசியத்துக்கு, கடலேரியில் வலை வீசிக்கொண்டு நின்றவர் ஒருவர் “அது சரிதான் நேர்ஸ்” என்று பதில் சொன்னாராம். இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட தொண்டையைக் கொடுத்த கடவுள், அவருக்குக் கொடுத்த அக்கறையை எங்கே கொண்டுபோய் வைத்தார் தெரியுமா? எங்கள் ஆட்கள் கதவைச் சாத்திவிட்டும் வாய் திறந்து கதைக்காத சங்கதியில். கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும்போது பெண்ணுக்கு வலிக்கக்கூடாது, எரியக்கூடாது, அதற்காக எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது. அவர் இரவும் பகலும் மாய்ந்தது இதற்காகத்தான். கலியாணமான பெண் எவள் எதிர்ப்பட்டாலும், சந்தையோ, தேர் முட்டியோ, செத்தவீடோ, முதல் கேள்வி இதுதான்.

“என்ன பிள்ளை, சுகமோ? எரியுதோ?”

பட்டப்பெயர் வந்த வழி அது.

எங்கள் ஆட்களின் ஒரு குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் மிளகாயும் புகையிலையும் பயிரிட்டுப் பிழைக்கிற சனங்கள். எரியாத மருந்தை மருந்தென்று ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை. புண்ணுக்குப் போட்டது சுள்ளென்று பிடிக்காவிட்டால் பரியாரியார் ஏமாற்றிவிட்டார் என்போம். கண்ணுக்கு விட்ட மருந்தில் கண்ணீர் வராவிட்டால் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையில் வைப்போம். என்னுடைய அப்பா, தலையிடிக்குப் பூசும் தைலம் நெற்றியில் எரிந்தது போதாதென்று மூக்கு நுனியிலும் ஒரு சொட்டு வைத்துக்கொள்வார். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நேர்ஸ் சண்டை பிடித்தது இந்த நம்பிக்கையோடுதான்.

பட்டணத்து மருந்துக்கடை ஒன்றில் அப்போது ‘தம்பதி சுகத் தைலம்’ என்று ஒரு போத்தல் விற்றார்கள். லேபிளில் ஓர் ஆணும் பெண்ணும் நிலாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே கர்ப்பூரம், கராம்பெண்ணெய், இன்னும் என்னென்னவோ. ஒருநாள் நேர்ஸ் கடைக்குள் நுழைந்து போத்தலைத் தூக்கிப் பிடித்தார். கடை நிறைய ஆண்கள்.

“முதலாளி, இதுக்குள்ளை என்ன கிடக்கு?”

“அது எங்கடை பரம்பரை ரகசியம் நேர்ஸ்.”

“எரியுமோ?”

“எரியாமல்? நல்லாய் எரியும். அதுதானே விசேசம்!”

“அப்பிடியெண்டால் உங்கடை கீழ்ச்சொண்டுக்கு உள்பக்கத்திலை ஒரு சொட்டு விடுங்கோ பாப்பம்.”

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, முதலாளி என்ன செய்வார்? விட்டார். சொட்டு கீழுதட்டில் பட்டதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் கலங்கியது. அதற்குப் பிறகு பக்கத்துச் சோடாக் கடைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றிப் பட்டணத்தில் கனகாலம் கதைத்தார்கள்.

நேர்ஸ் கடையிலிருந்த ஆண்களின் பக்கம் திரும்பினார். “சொண்டுக்கே உப்பிடியெண்டால் மற்ற இடத்துக்கு எப்பிடியிருக்கும்? வெய்யில் பாக்காத தோல் எல்லாம் ஒண்டுதான். சொண்டுக்குள்ளை வைக்கேலாததை உங்கடை பெண்சாதிமாருக்குக் குடுக்காதேங்கோ!” என்றார். ஆண்கள் எல்லோரும் தரையில் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

நல்ல வெற்றி என்று நேர்ஸ் நினைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரமே கடையில் இருந்த தைலம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. முதலாளியையே ஓடவைத்த மருந்தென்றால் எப்படிப்பட்ட மருந்தாக இருக்கவேண்டும்! எங்கள் ஆட்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அப்படி விற்ற போத்தல்களில் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்கு அந்த வருடந்தான் கலியாணம். மாப்பிள்ளை நீர்வேலியார், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வாழைத்தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர். குலை வெட்டுவதற்கு முன் வாழையிடம் மன்னிப்புக் கேட்கிற பிள்ளை என்று என் மாமியாரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊர் வழக்கப்படி சீதனமாய் வந்த என் வீட்டுக்கே அவர் குடிவந்தார். அம்மா, அப்பாவும் எங்களோடுதான். என் மனுசன் நடப்பதும் தெரியாது, இருமுவதும் கேட்காது.

எனக்கு வலித்தது. உடம்பு பயந்து, வறண்டு, இறுகிப்போகும். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை, கேட்க அவருக்கும் வார்த்தை இருக்கவில்லை. என் முகத்தைக் கண்டு மச்சாள் ஒருத்திதான் எதையோ ஊகித்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அந்தத் தைலத்தைக் கொண்டுவந்தாள்.

“கொஞ்சம் எரியுமாமடி. எரிஞ்சால்தானாம் வேலை செய்யும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம். அதற்குமேல் விவரம் எழுதமாட்டேன். மச்சாள் சொன்ன ‘கொஞ்சம்’ இருக்கிறதே, அது அவளுடைய கணக்கு. நான் கிணற்றடிக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் அவரும் ஓடிவந்தார், அவருக்கும் அதே கதிதான். துலாவை இழுத்து இழுத்து எனக்கும் வார்த்தார், தனக்கும் வார்த்துக்கொண்டார். கிணறு வற்றாதது அதிசயம்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆசைப்பிள்ளை மாமியின் தலை தெரிந்தது.

“என்ன பிள்ளையள், ரெண்டு பேரும் மத்தியானத்திலை தோயிறியள்? எங்கையேனும் செத்தவீட்டுக்குப் போட்டு வாறியளோ?”

வாயைத் திறக்காத என் மனுசன் அன்றைக்கென்று வாயைத் திறந்தார். “ஓம் மாமி. தூரத்துச் சொந்தம்.”

அது போதும் மாமிக்கு. அம்மா கோயிலால் திரும்பி வருவதற்குள் படலையடியில் துக்கம் விசாரிக்க ஆட்கள் நின்றார்கள். எங்கள் வீட்டில் ஆர் செத்தது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. உள்ளே வந்து என்னைக் கேட்டார். நான் அழுதேன். அழுததைப் பார்த்து, செத்தவர் நெருங்கிய சொந்தமாக்கும் என்று அம்மாவும் அழுதார். உண்மையைச் சொல்லி முடித்தபோது இருவருக்கும் அழுகை நின்றுவிட்டது, சிரிப்பும் வரவில்லை.

அடுத்த நாள் அவர் கச்சேரிக்குப் போகச் சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்.

“இஞ்சாரும், உமக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போலை. அதிலை பிழையில்லை. மன்னாரிலை ஒரு இடம் காலியாம். மாதக்கடைசியிலை மாற்றம் கேட்டு எழுதிக் குடுக்கப்போறன்.”

விவாகரத்து என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாயால் சொல்லாத காலம் அது. அரசாங்க உத்தியோகத்தர் வீட்டில் அதற்கு ‘மாற்றம்’ என்று பெயர். மாற்றலாகிப் போகிறவர் தீபாவளிக்கு வருவார், பிறகு தீபாவளிக்கும் வரமாட்டார். அவரைப் போகவிட நான் விரும்பவில்லை. ஏனென்றால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வாழையிடம் மன்னிப்புக் கேட்கிற மனுசனை ஆருக்குப் பிடிக்காது? பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னாலும் உடம்பு மறுத்துக்கொண்டிருந்தது.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். “பிள்ளைக்கு வயித்துக்குத்து” என்று பொய் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை காலமை, என் மனுசன் வீட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்து, நேர்ஸ் வந்தார். படலை இன்னும் திறக்கவில்லை.

“பிள்ளை! எரியுதோ?”

வேலிக்கு அந்தப்பக்கம் ஆசைப்பிள்ளை மாமி. நேர்ஸின் வாயை மூடமுடியாது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார், உலக்கையை எடுத்தார், முற்றத்தில் கிடந்த வெறும் உரலில் தொம் தொம்மென்று இடிக்கத் தொடங்கினார். சத்தத்தைச் சத்தத்தால் அமுக்குகிற யோசனை. ஆனால் பிள்ளைப்பேற்று வார்டை வென்ற தொண்டைக்கு ஓர் உலக்கை எந்த மூலைக்கு? நேர்ஸ் இன்னும் ஒரு படி ஏற்றிக் கதைத்தார்.

“நோவு எப்ப துவங்கினது? ரத்தம் கண்டதோ?”

தொம்.

என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விறாந்தையில் வந்து இருந்து தீர்ப்புச் சொன்னார். “தைலம் புண்ணாக்கிப் போட்டுது. புண் ஆறுமட்டும் ஒண்டும் வேண்டாம். ஆறின பிறகும் நோவு இருந்தால் ஆஸ்பத்திரியிலை டொக்டரம்மாவிட்டைக் காட்டவேணும். பல்லைக் கடிச்சுக்கொண்டு பொறுக்கிறது பொம்பிளையின்ரை கடமையெண்டு உனக்கு ஆர் சொல்லித் தந்தது?”

தொம், தொம், தொம்.

“என்ன விசேசம், மா இடிக்கிறியள்?” என்று வேலிக்கு மேலால் ஆசைப்பிள்ளை மாமி. “எங்கடை அரிசியும் கொஞ்சம் ஊறப்போட்டது கிடக்கு. தரட்டோ?”

அம்மாவால் மறுக்க முடியவில்லை. நேர்ஸ் என் வீட்டில் இருந்த நேரம் முழுக்க அம்மா மாமியின் அரிசியைத்தான் இடித்தார்.

“எங்கை உன்ரை மனுசன்? தம்பி, இஞ்சை வாரும்! இது ரெண்டு பேற்றையும் விசயம்.”

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்துநின்ற என் மனுசன், கழுத்தில் கயிறு கட்டி இழுத்ததுபோல வந்து நின்றார். இப்படியான சங்கதியில் புருசனையும் கூப்பிட்டு வைத்துக் கதைத்த ஒருவரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

“தம்பி, பயந்த உடம்பு ஈரமாகாது. அதிலை உம்மிலையும் பிழையில்லை, அவவிலையும் பிழையில்லை. அவசரப்படாதையும். அவ ஓம் எண்டு சொல்லுமட்டும் பொறும். அதுக்குப் பிறகும் வறட்சியெண்டால் வெளியிலையிருந்து ஏதேனும் பூசலாம். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடேக்கை வெக்கப்படுறீரோ? இல்லையெல்லோ? ஆனால் பூசுறது என்னவெண்டு தெரிஞ்சு பூசவேணும். எரியக்கூடாது. வாசம் போட்டதாய் இருக்கக்கூடாது. தேன், சீனி கலந்தது கூடாது, சொறியும் கடியும் கிருமியும் வரும். சவுக்காரம் ஆகவே ஆகாது.”

உலக்கை நின்றது. முற்றத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“தேங்காயெண்ணெய் நல்லதுதானே, நேர்ஸ்?”

நானும் அவரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா உரலைப் பார்த்தார்.

நேர்ஸின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “நல்ல கேள்வி! சுத்தமான தேங்காயெண்ணெய் கனபேருக்கு ஒத்துக்கொள்ளும் அம்மா. ஆனால் பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுப்பமெண்டு ரப்பர் உறை பாவிக்கிற ஆக்களுக்கு எண்ணெய் கூடாது, வஸ்லீனும் கூடாது. ஏனெண்டு காட்டுறன். எண்ணெய் கொஞ்சம் தாங்கோ.”

பையிலிருந்து ஒரு சிவப்புப் பலூனை எடுத்தார். கோயில் திருவிழாக்களுக்குத் தவறாமல் வந்து பலூன் வாங்குகிற வேதக்காரி ஊரிலேயே அவர் ஒருவர்தான். எதற்கு வாங்குகிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. என் மனுசனை ஊதச் சொன்னார். அவர் ஊதினார். நேர்ஸ் முடிச்சுப் போட்டு, தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு, பூசினார், தேய்த்தார், பிடித்துக்கொண்டு இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மாவும் உலக்கையோடு கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

டமார்!

உலக்கை அம்மாவின் கையிலிருந்து விழுந்தது. மாட்டுக்கொட்டிலில் பசு கயிற்றை அறுத்தது. வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து மாமி கேட்டார்.

“என்ன பிள்ளை, அந்தத் தூரத்துச் சொந்தத்துக்கு இப்பதான் வெடி கொளுத்துறியளோ?”

நேர்ஸ் எதையும் பொருட்படுத்தவில்லை. “கண்டியளோ? எண்ணெய் ரப்பரைத் தின்னும். நாங்கள் வார்டிலை கையுறைக்குப் பூசுற ஜெலி ஒண்டு இருக்கு. மணமில்லை, எரிவில்லை, தண்ணியிலை கழுவினால் போயிடும், ரப்பருக்கும் ஒண்டும் செய்யாது. பட்டணத்திலை மருந்துக்கடையிலை குழாயிலை விற்கினம். வாங்கினவுடனை பாவிக்கிறேல்லை. முதலிலை முழங்கை மடிப்பிலை கொஞ்சம் பூசிப்போட்டு அடுத்த நாள் பாருங்கோ. சிவக்காட்டி, கடிக்காட்டி, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும்.”

“நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்” என்றார் அம்மா. பாவம், மகளுக்காக எதற்கும் துணிந்துவிட்டார்.

“நீங்கள் வேண்டாம். தம்பி போகட்டும். நோகிறது அவவுக்கு, கடையிலை கேக்கிறதாவது இவராய் இருக்கட்டும்.”

திங்கட்கிழமை அவர் கச்சேரி விட்டு நேரே, தைலம் விற்ற அதே மருந்துக்கடைக்குப் போனார். வீட்டுக்கு வரும்போது கையில் பற்பொடி. கடையில் ஆட்களாம். மறுநாள் இருமல் மருந்து. அதற்கு மறுநாள் அவருடைய தலைமைக் கிளாக்கர் கடைக்குள் நின்றாராம், அதனால் இன்னும் ஒரு பற்பொடி. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருமல் இல்லை. பற்பொடிக்கு மட்டும் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் குறைவில்லை என்றாகிவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் நான் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து பொதியை மேசையில் வைப்பார். மாதக்கடைசி வந்துகொண்டே இருந்தது. மன்னாருக்கான கடுதாசி எழுதி முடித்துச் சேட்டுப் பையில் இருந்தது எனக்குத் தெரியும்.

மாதத்தின் கடைசி வேலைநாள். கடை நிறையச் சனம். தலைமைக் கிளாக்கரும் நின்றார். என் மனுசனைக் கண்டதும் முதலாளி, “வாங்கோ ஐயா, பற்பொடிதானே?” என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

கச்சேரியில் ஒருவரும் கேட்டறியாத குரலில் என் மனுசன் சொன்னாராம். “பற்பொடி வேண்டாம். ஆஸ்பத்திரியிலை கையுறைக்குப் பூசுற ஜெலி ஒண்டு தாங்கோ. என்ரை மனுசிக்கு நோகக்கூடாது.”

சிரிப்பு நின்றது. முதலாளிக்குக் கீழ்ச்சொண்டு ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கொடுத்தார். அந்த அமைதிக்குள் தலைமைக் கிளாக்கர் தொண்டையைச் செருமினாராம்.

“தம்பி சொன்னதிலை எனக்கும் ஒண்டு.”

எங்கள் ஊரில் வீரத்தைப் பற்றிக் கதைப்பவர்கள் புலியை அடித்தவன், யானையை மறித்தவன் என்று ஏதேதோ சொல்வார்கள். பட்டணத்து மருந்துக்கடையில், தலைமைக் கிளாக்கருக்கு முன்னால், என் மனுசன் கேட்டது போல் கேட்டவர் ஆரும் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அவர் வீட்டுக்கு வந்தார். குழாயை என் கையில் தந்தார்.

“இந்தாரும். முதலிலை முழங்கையிலையாம்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “மன்னார்?” என்று கேட்டேன்.

“அங்கை தண்ணி உப்பாம்” என்றார்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் முழங்கை மடிப்பில் பூசிக்கொண்டோம். அடுத்த நாள் இருவரும் கையை நீட்டி வெளிச்சத்தில் பார்த்தோம். சிவக்கவில்லை, கடிக்கவில்லை. நேர்ஸ் சொன்னபடி காயம் ஆறும்வரைக்கும் அவர் பொறுத்தார், நான் ஓம் என்று சொல்லும்வரைக்கும் பொறுத்தார். நான் சொன்னேன். பிறகு நடந்தது எங்கள் இருவருக்கும் உரியது. வலிக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன், பெருமையோடு எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நேர்ஸ் எங்கள் ஒழுங்கையால் போனார். அம்மா படலைக்கு ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். விறாந்தையைத் தாண்டி, சாப்பாட்டறையைத் தாண்டி, அடுப்பெரியும் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். குருநகர் வேதக்காரி ஒருத்தி எங்கள் வீடு போன்ற ஒரு சைவ வீட்டின் குசினிக்குள் கால் வைப்பது அந்த நாளில் என்ன சங்கதி என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்டு அறிந்துகொள்ளுங்கள், எங்களுக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அப்பா எழும்பி மாட்டுக்கொட்டில் பக்கம் போய்விட்டார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல, நாங்கள் சாப்பிடுகிற வெண்கலத் தட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டு நேர்ஸுக்கு முன்னால் வைத்தார்.

வேலிக்கு மேலால் வழக்கமான குரல் வந்தது. “ஆரது, குசினிக்குள்ளை இருக்கிறது?”

“எங்கடை பிள்ளை ஒண்டு” என்றார் அம்மா. “களைச்சு வந்தது. சாப்பிடட்டும்.”

நேர்ஸின் கை தட்டில் நின்றுவிட்டது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு, தன்னுடைய வீட்டில் கேட்பதுபோல, இன்னும் கொஞ்சம் புட்டு கேட்டார்.